கார்னேஷன் மொட்டு விரியவே மாட்டேன் என்கிறது, ஞாயிறு கல்யாணம். உதவி!

யாங்கோன் பூக்கடை (புதன் இரவு)
மலையூர் மேமியோவிலிருந்து 300 கார்னேஷன் நேற்று பஸ்ஸில் வந்தது. பாதி விரிந்த பூ கேட்டிருந்தேன்; வந்ததோ பச்சைக் கூட்டிலிருந்து நிறம் லேசாக எட்டிப் பார்க்கிற மொட்டு. மணவறைத் தூண் முழுக்க இதுதான். பச்சைத் தண்ணீர் ஊற்றி, வாளியோடு சாமான் அறையில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஆகியும் அசையவில்லை. ஏற்கெனவே விரிந்திருந்த நாலைந்து பூவும் இதழ் உள்பக்கம் சுருண்டு தூங்கி வழிகிறது. சீனித் தண்ணீர் வைக்கலாமா?

மோல்மீன்காரர்
வாழைத்தாருக்குச் செய்வது போல ஊதுபத்தி கொளுத்தி மூடி வையுங்கள் தம்பி. ஒரே ராத்திரியில் மலர்ந்துவிடும்.

மேமியோ தோட்டம்
ஐயோ அண்ணே, அது வேண்டாம்! காயைப் பழுக்கவைக்கிற எத்திலீன் வாயுதான் கார்னேஷனுக்கு எமன். இதழ் உள்பக்கம் சுருள்வது அதன் அடையாளம். தம்பி, அந்த அறையில் பழம் இருக்கிறதா?

யாங்கோன் பூக்கடை
கல்யாணத்துக்கு வாங்கிய வாழைத்தார் ஆறு தொங்குகிறது அக்கா. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்.

மேமியோ தோட்டம்
சரியாப் போச்சு. பழமும் ஜெனரேட்டர் புகையும் அந்த வாயுவைத்தான் விடும். முதலில் பூவை அங்கிருந்து கிளப்புங்கள். அப்புறம் காம்பை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள். கணுவில் வெட்டாதீர்கள், கணுவுக்கு நடுவில். அங்கேதான் தண்ணீர் நன்றாக ஏறும். தண்ணீரில் முங்குகிற இலையை உருவிவிடுங்கள்.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை கிலோ சீனி, பர்மா வீசைக் கணக்கில் மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. மொட்டு இதழை விரிக்க நிறையத் தெம்பு வேண்டும். அறுத்த பூவுக்கு அதைச் சீனிதான் கொடுக்கும். ஆனால் வெறும் சீனி வைத்தால் பாக்டீரியா பெருகிக் காம்பை அடைத்துவிடும். அதனால் வீட்டு ப்ளீச் இரண்டு டீஸ்பூன் மட்டும் விடுங்கள். தினமும் மாற்றுங்கள்.

அறை 21 முதல் 24 டிகிரி இருந்தால் நல்லது. வெயில் படாமல், டியூப்லைட் பகலோடு சேர்த்து 16 மணி நேரம் எரியட்டும். ஃபேன் காற்று நேராக வேண்டாம், தரையில் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். நிறம் தெரிகிற மொட்டு மூன்று, நான்கு நாளில் விரியும்.

மோல்மீன்காரர்
சரிம்மா, தெரியாமல் சொல்லிவிட்டேன். எறும்பு மொய்க்காதா?

மேமியோ தோட்டம்
வாளியைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள் அண்ணே, சாமி பிரசாதத்துக்கு வைப்பது போல.

யாங்கோன் பூக்கடை (சனி மாலை)
முக்கால்வாசி விரிந்துவிட்டது! கரண்ட் போனபோதெல்லாம் பேட்டரி விளக்கு. இருபது, இருபத்தைந்து மட்டும் இன்னும் கல் மாதிரி.

மேமியோ தோட்டம்
அவை நிறமே தெரியாத மொட்டாக இருக்கும், நாளைக்கு ஆகாது. விரிந்ததை இனி வெறும் தண்ணீருக்கு மாற்றி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

யாங்கோன் பூக்கடை
மாற்றிவிட்டேன் அக்கா. வாழைத்தார் ஆறும் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில். அம்மா நடக்க இடமில்லை என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.