உச்சு கொட்டத் தெரிந்தால் போதாது

நமீபியாவின் வடமேற்கில் ட்வைஃபல்ஃபான்டைனுக்குப் பாறைச் செதுக்கல்கள் பார்க்கப் போயிருந்தேன். 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இடம். செதுக்கல்களைப் பார்க்க ஒரு மணி நேரம்தான் ஆனது. இடத்தின் பெயரைச் சொல்லிப் பழகத்தான் அரை நாள் போனது.

ட்வைஃபல்ஃபான்டைன் என்பது ஆப்பிரிக்கான்ஸ் மொழிப் பெயர். அங்கே வாழும் டமாரா இனத்தவர் 'உய் ஆய்ஸ்' மாதிரி ஒன்று சொல்கிறார்கள். மாதிரிதான். இரண்டு சொல்லுக்கு முன்னும் நாக்கைச் சொடுக்க வேண்டும். எழுதும்போது முதல் சொல்லுக்கு முன் ஒரு நெடுங்கோடு, அடுத்ததற்கு முன் இரண்டு கோடு.

வழிகாட்டியாக வந்த டமாரா பெண் நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டினார். முதல் சொடுக்கு, நாம் "அடப் பாவமே" என்று உச்சு கொட்டுவோமே, அதேதான்! இரண்டாவது, வண்டிமாட்டை முடுக்கக் கன்னத்தோரம் எழுப்பும் சத்தம். இவ்வளவுதானா என்று நினைத்தேன். நான் உச்சு கொட்டி, மூச்சு விட்டு, அப்புறம் 'உய்' என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சொடுக்கும் உயிரும் ஒட்டிக்கொண்டு வர வேண்டுமாம். நாக்கு மேலே ஒட்டியிருக்கும்போதே 'உ' தொண்டையில் தயாராக நிற்க வேண்டும். எனக்குக் கடைசிவரை இடைவெளி விழுந்தது.

இப்படி அவர்கள் மொழியில் நான்கு அடிப்படைச் சொடுக்குகள். அவற்றிலிருந்து இருபது மெய்யொலிகள்.

*

மேலே எழுதியவருக்கு: நான் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்கில் சில வருடம் வேலை பார்த்தவன். இந்த மொழிக்குக் கொய்கொய்கோவாப் என்று பெயர். நாமா மக்களும் இதையே பேசுகிறார்கள். சொடுக்கு எனக்கும் வரவில்லை, ஆனால் விகுதி சட்டென்று பிடிபட்டது. 'கொய்ப்' என்றால் ஆண், 'கொய்ஸ்' என்றால் பெண். நம்ம அன், அள் போலத்தான். குடும்பப் பெயரிலும் இது வரும். 2015 முதல் 2024-இல் மறையும்வரை நமீபிய அதிபராக இருந்த ஹாகே கைங்கோப் டமாரா இனத்தவர். அவர் மனைவி மோனிகா கைங்கோஸ். நம்மிடம் இருந்து அங்கே இல்லாத ஒன்று, அஃறிணை. உயிரில்லாத பொருளுக்குக்கூட ஆண்பால், பெண்பால் விகுதி வரும்.

உச்சு விஷயத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். கூட வேலை பார்த்த டமாரா நண்பர் பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொன்னார். பழக்கதோஷத்தில் உச்சு கொட்டினேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, மீதிச் சொல் வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.