டிவிஷன் 3 ஃபுட்பால் 2025: புதுப் பசங்க பட்டியலை வெச்சு எதையாவது சொல்ல முடியுமா?

நாகு_நேப்பர்வில்:

ஜூலை வந்தாச்சு, அமெரிக்கன் ஃபுட்பால்ல காலேஜ் அணிகளோட மூணாவது பிரிவான டிவிஷன் 3க்கு சீசன் ஜுரம் ஆரம்பம். என் கணிப்பை முதல்ல போட்டுடறேன், அப்புறம் எல்லாரும் சேர்ந்து கும்முங்க.

எங்க ஊர் நார்த் சென்ட்ரல் காலேஜ் மறுபடியும் டிவிஷன் 3 ஃபைனலான ஸ்டாக் பவுலுக்கு வரும். 2019, 2022, 2024னு மூணு கப் ஏற்கனவே அலமாரியில இருக்கு. அந்த 2024 சீசன் ஃபைனல்ல, போன ஜனவரியில ஹூஸ்டன்ல, சேகர் சாரோட மவுண்ட் யூனியனை 41-25ன்னு அடிச்சதை அவர் இன்னும் ஜீரணிக்கலைன்னு தெரியும். பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் லூக் லெனன் முடிச்சுட்டுப் போயிட்டான், அந்த இடத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேப்பீங்க. 2019 கப்போட புரோக் ரட்டர் போனப்பவும் இதையேதான் கேட்டாங்க.

நான் சொல்ல வந்தது அது இல்ல. இந்த வருஷம் புதுசா வர்ற பசங்க பட்டியல் பிரமாதமா இருக்கு. அது போக, ஜூன்ல, ஆட்டக்காரங்களுக்குக் காசு குடுக்கறது பத்தின ஹவுஸ் வழக்கு சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்தாச்சு. அதுல சேர்ற டிவிஷன் 1 காலேஜ்ல ஃபுட்பாலுக்கு இனிமே 105 பேர்தான். முன்னாடி 85 ஸ்காலர்ஷிப், அதுக்கு மேல சொந்தக் காசுல ஆடற வாக்-ஆன் பசங்க எத்தனை பேர் வேணா இருக்கலாம். வெளியில தள்ளப்படற பசங்க எங்க போவாங்க? டிவிஷன் 2, அப்புறம் நம்ம வாசல். சிகாகோ பக்கத்துல ஜெயிக்கிற டீம் எதுன்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அலையன்ஸ்_சேகர்:

ஜீரணமெல்லாம் ஆகிவிட்டது தம்பி. பதின்மூன்று கப் வாங்கின ஊரில் இருக்கிறவனுக்கு ஒரு ஃபைனல் பெரிய விஷயமில்லை.

"பட்டியல், பட்டியல்" என்கிறீர்களே, அது என்ன பட்டியல்? டிவிஷன் 3ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அதனால் பையனைக் கட்டிப்போடும் கையெழுத்தும் கிடையாது. மேசைக்குப் பின்னால் தொப்பி போட்டு உட்கார்ந்து, அம்மா ஒரு பக்கம் அப்பா ஒரு பக்கம் நிற்க, பையன் கையெழுத்துப் போடுகிற போட்டோ வருமே, அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. கொண்டாட்டத்துக்காக அச்சடித்த தாள். மே மாதம் டெபாசிட் கட்டியவன்கூட ஆகஸ்ட் கேம்ப்புக்கு வராமல் போகலாம், யாரும் கேட்க முடியாது. வந்தவனில் எத்தனை பேர் இரண்டாம் வருடம் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

லாரி கெஹ்ரஸ் 1986 முதல் 2012 வரை இங்கே கோச். 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். பதினொரு கப். முதல் வருடப் பையன்களை வைத்தா அதைச் செய்தார்? திங்கட்கிழமை ஆளில்லாத மைதானத்தில் ஜேவி என்கிற இரண்டாம் அணி மேட்ச் ஆடி, இரண்டு வருடம் காத்திருந்து, மூன்றாம் வருடம் மேலே வருகிறவனை வைத்துச் செய்தார். நிக் சிரியானி இங்கே பந்தைப் பிடிக்கும் ரிசீவராக ஆடினவர். நடுவில் காலில் பெரிய ஆபரேஷன் ஆனது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. மூன்று கப் அணியில் இருந்தார். இந்த பிப்ரவரியில் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லில் ஈகிள்ஸ் கோச்சாக சூப்பர் பவுல் ஜெயித்தது யார் என்று பார்த்திருப்பீர்கள்.

நாகு_நேப்பர்வில்:

சார், கெஹ்ரஸ் காலத்துக் கதை நல்லாத்தான் இருக்கு. 2017க்கு அப்புறம் கப் வரலையே, ஏன்? காத்திருந்து வளர்க்கிற கதை ஓடற வரைக்கும் ஓடிச்சு. இப்ப போர்ட்டல் காலம், அதாவது காலேஜ் மாற நினைக்கற பசங்க பேர் குடுக்கற பட்டியல்.

இன்னொண்ணு. மவுண்ட் யூனியன்ல இருந்து என்.எஃப்.எல்லுக்குப் போனவங்கள்ல எல்லாரும் முதல்ல சொல்ற பேரு பியர் கார்சோன். அவரு ஃப்ரெஷ்மேனா எங்க ஆடினாரு? வெர்மான்ட்ல நார்விச். அங்க ஒரு வருஷம் ஆடிட்டு உங்க ஊருக்கு வந்தவரு. வெளியாளை எடுத்து ஜெயிக்கிறதுல நீங்கதான் எங்களுக்கு முன்னோடி.

அலையன்ஸ்_சேகர்:

நார்விச்சும் டிவிஷன் 3தான். ஒரு வருடம் ஆடிவிட்டு வந்தார், மீதி வருடங்கள் இங்கே இருந்தார். என்.எஃப்.எல். அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில், 2008ல் கோல்ட்ஸ் ஆறாம் சுற்றில் எடுத்தது. இதையும் டிவிஷன் 1ல் பெரிய கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் குழு) மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுக் கடைசி வருடம் இறங்கி வருகிறவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம் அந்த 105. வரம்பால் இடம் போகிற பையன்களை வரம்பில் சேர்க்காமல் வைத்துக்கொள்ள காலேஜ்களுக்கு அனுமதி உண்டு, நீதிபதி பிடிவாதமாக நின்றதால் வந்த திருத்தம். ஆகவே இந்த வருடமே வெள்ளம் வரும் என்று பாயை விரித்து வைக்க வேண்டாம்.

மேடிசன்_மணி:

ரெண்டு பேரும் உங்க ஊர்ப் பெருமையே பேசிட்டு இருக்கீங்க. விலையைப் பத்தி ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க.

விஸ்கான்சின் கான்ஃபரன்ஸ்ல ஆடறது எல்லாம் அரசுக் காலேஜுங்க. உள்ளூர்ப் பையனுக்கு டியூஷன் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்குள்ள முடிஞ்சிடும். அதுல ஒண்ணான வொயிட்வாட்டர் 2005ல இருந்து 2011 வரைக்கும் ஏழு வருஷமும் ஃபைனல்ல சேகரண்ணா டீமோடதான் மோதுச்சு. அதுல நாலு எங்களுது. மொத்தம் ஆறு கப். அங்க கோச்சா இருந்த லான்ஸ் லைபோல்ட் எட்டு வருஷத்துல 109 ஜெயிச்சு ஆறு தோத்தாரு. எப்படின்னு நினைக்கறீங்க? டிவிஷன் 1ல வாக்-ஆனா போய் நிக்கறதா, கம்மிக் காசுல இங்க வந்து ஆடறதான்னு யோசிக்கற பையன் எல்லாம் அங்க வந்தான். க்வின் மைனர்ஸ் அங்க இருந்து போய் 2021ல பிராங்கோஸ் மூணாம் சுற்றுல எடுத்தாங்க.

இந்த வருஷம் அதே கான்ஃபரன்ஸ்ல ரிவர் ஃபால்ஸைப் பாருங்க. மினசோட்டா எல்லையில இருக்கு, ரெண்டு மாநிலத்துக்கும் டியூஷன் ஒப்பந்தம் இருக்கறதால மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரத்துப் பசங்களுக்கும் வெளிமாநிலக் கட்டணம் கிடையாது. யாரும் பேசாத டீம். நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:

நீங்கள் எல்லோரும் ரெக்ரூட்டிங்கை, அதாவது ஆள் சேர்ப்பதை, ஃபுட்பால் விஷயம் என்று நினைத்துப் பேசுகிறீர்கள். சின்னத் தனியார் கல்லூரிக்கு அது மாணவர் சேர்க்கை விஷயம்.

ஆயிரத்துச் சொச்சம் மாணவர் உள்ள கல்லூரி. ஃபுட்பால் அணியில் நூற்று இருபது பேர். அவர்களில் பெரும்பாலோர் ஃபுட்பால் இல்லாவிட்டால் அந்த ஊரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். விளையாட்டு ஸ்காலர்ஷிப் இல்லை என்பது கல்லூரிக்கு வசதி. "மெரிட் எய்டு" என்று கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்வார்கள். தனியார் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்குச் சராசரித் தள்ளுபடியே பாதிக்கு மேல், எனவே அது சலுகையே அல்ல, விலையே அதுதான். மீதியைப் பெற்றோர் கட்டுகிறார்கள், பலர் கடன் வாங்கி. ஒரு பொசிஷனுக்குப் பன்னிரண்டு பேரை எடுப்பது ஏன் என்று இப்போது புரியும்.

இவ்வளவு செய்தும் தப்பிக்கிறார்களா? மிஷிகனில் ஃபின்லாண்டியா 2023ல் மூடப்பட்டது. பர்மிங்காம்-சதர்ன் 2024 மே 31ல் மூடப்பட்டது. அங்கே சேர்ந்த பையன்களுக்கும் எத்தனையோ கனவு இருந்திருக்கும்.

மேடிசன்_மணி:

அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. தள்ளுபடியை விளையாட்டுக்குன்னு குடுக்க முடியாது. ஆடாத பையனுக்குக் கிடைக்கற உதவியும் ஆடற பையனுக்குக் கிடைக்கறதும் ஒரே அளவுகோல்ல இருக்கான்னு காலேஜ் விளையாட்டை நடத்தற என்.சி.ஏ.ஏ. வருஷா வருஷம் பாக்குது. எவ்வளவு கறார்னு தெரியணும்னா மேரி ஹார்டின்-பெய்லர் காலேஜைப் பாருங்க. கோச் தன்னோட பழைய சுபாரு காரைப் பையன் ஓட்டக் குடுத்தாரு. அதுக்கு 2016 கப்பையே புடுங்கிட்டாங்க. டிவிஷன் 1ல 2025-26 வருஷத்துக்குக் காலேஜே 20.5 மில்லியன் டாலர் வரைக்கும் ஆட்டக்காரங்களுக்குப் பங்கு போடலாம்!

கணக்குப்பிள்ளை:

அளவுகோல் ஒன்றாக இருப்பதை நான் மறுக்கவில்லை. இருவருக்கும் ஒரே தள்ளுபடி, இருவருக்கும் ஒரே கடன். என் கேள்வி, அந்தப் பையனை அங்கே வரவழைத்தது யார் என்பது.

எர்ல்ஹாம் கல்லூரியைப் பாருங்கள். தொடர்ந்து 53 தோல்வி. 2018ல் ஃபுட்பாலை நிறுத்தினார்கள். அந்தத் தோல்விகளுக்கு நடுவிலும் ஒவ்வொரு வருடமும் ஒரு "பிரமாதமான பட்டியல்" வந்திருக்கும். நாகு மாதிரி ஒருவர் அதையும் பாராட்டியிருப்பார்.

நாகு_நேப்பர்வில்:

இதுதான் அநியாயம். மூணு கப் வாங்கின டீமை எர்ல்ஹாமோட சேர்க்கறீங்க. சரி, எதிர்ப்பக்கம் நான் காட்டறேன்: கிரின்னல். பணத்துக்குக் குறைவே இல்லாத காலேஜ், ஃபுட்பால் பசங்க டியூஷனை நம்பி அங்க ஒண்ணும் ஓடலை. 2019ல காயம் பட்டது போக ஆள் பத்தாம மூணு மேட்ச்லயே சீசனை நிறுத்திட்டாங்க. ஆள் சேர்க்கறது வியாபாரம்னு ஒதுங்கினா அதுதான் நடக்கும். மிச்சம் இருக்கற பசங்க உடம்பு நொந்து போகுது.

சுபத்ரா_இரட்டைநகரம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிக்கறேன், இப்பதான் எழுதறேன். என் பையன் இந்த வருஷம் ஹைஸ்கூல்ல சீனியர், கடைசி வருஷம். எதிராளியை மறிச்சு நிக்கற அஃபென்ஸிவ் லைன்ல ஆடறான். ஆறடி, 235 பவுண்டு. பெரிய காலேஜ் யாரும் திரும்பிப் பாக்கல. நாலு டிவிஷன் 3 கோச் கூப்பிட்டாங்க, நாலு பேரும் "உங்க பையன்தான் எங்க பிளான்ல முக்கியம்"னு ஒரே மாதிரி சொன்னாங்க. எதை நம்பறது? எனக்கு அடி படறது வேற பயம். சொந்தக்காரங்க எல்லாம் "ஏன் கிரிக்கெட்ல சேக்கல?"ன்னு கேட்டே உயிரை எடுக்கறாங்க.

அலையன்ஸ்_சேகர்:

அம்மா, சந்தோஷம். நாலு பேரும் ஒரே வார்த்தை சொல்வார்கள், அது அவர்கள் வேலை. பையன் இப்போது சிறியவன் என்று கவலைப்பட வேண்டாம். அலி மார்பெட்டும் லைன்தான், ஹோபார்ட் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஆடினவர். 2015ல் டாம்பா பே இரண்டாம் சுற்றில் எடுத்தது, டிவிஷன் 3லிருந்து அவருக்கு முந்தைய இடத்தில் யாரும் எடுக்கப்பட்டதில்லை. பள்ளியை முடித்தபோது அவரையும் பெரிய கல்லூரி எதுவும் தேடி வரவில்லை.

உங்கள் மாநிலத்திலேயே செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. ஜான் காக்லியார்டி அங்கே 1953 முதல் 2012 வரை கோச். பழைய கல்லூரியையும் சேர்த்து 489 வெற்றி, கல்லூரி ஃபுட்பாலில் அதற்கு மேல் யாரும் இல்லை. பயிற்சியில் ஒருவனை ஒருவன் இடித்துத் தள்ளுவதையே தடை செய்திருந்தார். விசிலும் கிடையாது, "கோச்" என்று கூப்பிடவும் கூடாது, ஜான்தான்.

மேடிசன்_மணி:

அக்கா, அதே செயின்ட் ஜான்ஸ்ல பென் பார்ச்னு ஒருத்தர், டைட் எண்ட்ங்கற பொசிஷன்ல இருந்து லைனுக்கு மாறினவரு. எடை ஏத்த முட்டை, காட்டேஜ் சீஸ், கிரிட்ஸ், பீனட் பட்டர், வாழைப்பழம், கேட்டரேட் எல்லாத்தையும் மிக்சியில அடிச்சுக் குடிப்பாரு. 2020ல ஜாகுவார்ஸ் நாலாம் சுற்றுல எடுத்தாங்க.

சுபத்ரா_இரட்டைநகரம்:

ஐயோ, படிக்கும்போதே குமட்டுது. எங்க வீட்ல மாமியார் முட்டைக்கே தனிப் பாத்திரம் வெச்சிருக்காங்க.

கணக்குப்பிள்ளை:

வேடிக்கை போதும். சுபத்ரா அவர்களே, என்.எஃப்.எல். போன பையன்களை விரல் விட்டு எண்ணலாம். டிவிஷன் 3ல் ஃபுட்பால் ஆடும் கல்லூரிகள் 240 வாக்கில். அவற்றில் ஒவ்வொன்றிலும் நூறு பேர் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். கோச்சிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இரண்டு வருடம் முன்னால் எத்தனை முதலாண்டுப் பையன்களை எடுத்தீர்கள், அவர்களில் இன்று எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள்?

அலையன்ஸ்_சேகர்:

கணக்குப்பிள்ளையோடு நான் ஒத்துப்போகிற ஒரே இடம் இது. கேளுங்கள். கூடவே, அணியை விட்டவர்கள் கல்லூரியையும் விட்டார்களா என்று கேளுங்கள். இரண்டும் வேறு.

நாகு_நேப்பர்வில்:

நான் மூணாவதா ஒண்ணு சொல்றேன். உங்க பையன் பொசிஷனுக்குப் போன வருஷம் போர்ட்டல்ல இருந்து எத்தனை பேரை எடுத்தாங்கன்னு கேளுங்க. அதை யாரும் கேக்க மாட்டாங்க. ஜெயிக்கிற டீம்னா அந்த எண்ணிக்கை பூஜ்யமா இருக்காது.

சுபத்ரா_இரட்டைநகரம்:

கேட்டுட்டேன். பேர் சொல்லலை. ஒரு கோச் சுத்தி வளைச்சார். ஒருத்தர் "அப்புறம் மெயில் பண்றேன்"னார், நாலு நாளாச்சு. ஒருத்தர் ஃபோனை வெக்கறதுலயே இருந்தார். நாலாவது ஆள் மட்டும் பேப்பரைப் பாக்காமலேயே சொன்னார்: 46 பேர் வந்தாங்க, 25 பேர் இருக்காங்க, போன 21ல 15 பேர் அதே காலேஜ்லதான் படிக்கறாங்க. லைனுக்கு போர்ட்டல்ல இருந்து ரெண்டு பேர். பையன் முதல் ரெண்டு வருஷம் சனிக்கிழமை நடக்கற மெயின் மேட்ச் ஆட மாட்டான், ஜேவிதான்னும் சொல்லிட்டார். அந்த டீம் போன வருஷம் பத்து மேட்ச்ல நாலுதான் ஜெயிச்சிருக்கு.

அலையன்ஸ்_சேகர்:

பையன் பெயரெல்லாம் மனப்பாடமாக இருக்கிற கோச் அவர். அங்கே அனுப்புங்கள்.

நாகு_நேப்பர்வில்:

பாதிக்குப் பாதி விட்டுட்டுப் போயிருக்காங்க, டீமும் தோக்குது, மேல வெளியிலிருந்து ரெண்டு பேர் வேற. சார், இதுல எதைப் பாத்து அனுப்பச் சொல்றீங்க? மெயில் பண்றேன்னவரு எந்த டீம்? அவங்க பிளேஆஃப், கப்புக்கான நாக்-அவுட் சுற்று, போனாங்களா?

கணக்குப்பிள்ளை:

தள்ளுபடி போக எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொன்னாரா? நாலு வருடத்துக்கும் அதே தொகையா, முதல் வருடத்துக்கு மட்டுமா? அதை எழுத்தில் வாங்குங்கள்.

சுபத்ரா_இரட்டைநகரம்:

எழுத்துல இன்னும் வாங்கலை, திங்கட்கிழமை ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ்ல பேசறேன். நாகு, அவங்க பிளேஆஃப் போனாங்க. பையனுக்கு அங்கதான் போகணுமாம். அவன் அப்பாவுக்கும்.

மேடிசன்_மணி:

அக்கா, ரிவர் ஃபால்ஸ் உங்க வீட்ல இருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒரு ஃபோன் போடுங்க.