மோட்டார் நியூரான் நோய்: ஆயுட்காலக் கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுவது ஏன்?

மேலூர் மகன்:
என் தந்தைக்கு வயது 51. இடது காலில் தொடங்கிய தளர்ச்சிக்கு தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிதையும் மோட்டார் நியூரான் நோயே காரணம் என்று மதுரையில் நரம்பியல் மருத்துவர் சென்ற மாதம் உறுதிசெய்தார். அறிகுறி தோன்றி ஏறத்தாழ 3 ஆண்டுகளுக்குள் பாதிப்பேர் இறந்துவிடுவதாக ஐரோப்பிய ஆய்வுகள் கூறுகின்றன. பெங்களூருவில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 30 ஆண்டுகளில் பார்க்கப்பட்ட 1,153 நோயாளிகளைப் பற்றி 2008-இல் வெளியான கட்டுரையோ இடைநிலை ஆயுட்காலம் (பாதிப்பேர் இறக்கும் வரையிலான காலம்) ஏறத்தாழ 115 மாதங்கள் என்கிறது. எதை நம்பி நாங்கள் திட்டமிடுவது?

நரம்பியல் மாணவி, மதுரை:
முடிவைப் படிக்கும் முன், அந்த ஆய்வில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நிம்ஹான்ஸ் நோயாளிகளுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 46. ஒரு பகுதியின் நோயாளிகள் அனைவரையும் பதிய முயலும் ஐரோப்பியப் பதிவேடுகளில் அது 60-ஐத் தாண்டும். இளவயதில் தொடங்கினால் நோய் பொதுவாக மெதுவாகவே முற்றும். பேச்சிலோ விழுங்குவதிலோ தொடங்கினால் விரைந்து முற்றும். நம் பகுதியில் 1970-இல் விவரிக்கப்பட்ட, இளைஞரைத் தாக்கிக் காதையும் மந்தமாக்கும் ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ பல்லாண்டுகள் நீடிப்பது. அத்தகையோரைச் சேர்த்து எண்ணினால் எந்தக் கணக்கும் நீளும்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், திருப்பரங்குன்றம்:
தம்பி, மருத்துவமனைக் கணக்கில் அங்கே வந்து சேர முடிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். என் அக்காவுக்குப் பேச்சு குழறியபோது வாதம் என்றெண்ணி உசிலம்பட்டியிலேயே வைத்திருந்தோம்; நோயின் பெயர் தெரிந்த நான்காம் மாதம் அவர் இறந்தார், எந்த ஆய்விலும் அவர் இல்லை. நிம்ஹான்ஸ் தொகுப்பில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ மூன்று ஆண்கள். ஐரோப்பியப் பதிவேடுகளில் இந்த இடைவெளி மிகக் குறைவு. பெண்களை அழைத்து வராததும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்பதால், ஆண்களுக்கே ஆபத்து மும்மடங்கு என்று நான் முடிவுகட்ட மாட்டேன்.

நரம்பியல் மாணவி, மதுரை:
ஆசிரியர் ஐயா சொல்வது மிகச் சரி. இன்னொன்று: ஆயுட்காலத்தைச் சில ஆய்வுகள் முதல் அறிகுறியிலிருந்தும், சில நோய் உறுதியான நாளிலிருந்தும் எண்ணுகின்றன, இடையில் ஓராண்டுகூடக் கழிந்திருக்கலாம். பேச்சு, விழுங்குதல், நடை, மூச்சு போன்றவற்றில் உங்கள் தந்தையின் செயல்திறனை 48 மதிப்பெண்ணுக்கு அளப்பார்கள். முதல் அறிகுறியிலிருந்து அது மாதந்தோறும் எவ்வளவு குறைந்தது என்பது மற்றவர்களின் சராசரியைவிட உங்களுக்கு உதவும். அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா?

மேலூர் மகன்:
ஆறு மாதம் என்று மருத்துவரிடம் சொல்லியிருந்தோம். இன்று அம்மாவிடம் கேட்டேன்: சென்ற ஆண்டு சித்திரைத் திருவிழாவில் அழகரின் எதிர்சேவை பார்த்துத் திரும்பும்போதே அப்பாவின் இடது செருப்பு அடிக்கடி கழன்றதாம். பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்த முறை போகும்போது அதையே எழுதச் சொல்கிறேன்.