ஆதரவு முடிந்த விண்டோஸ்: அச்சகக் கணினியை வைத்திருப்பதா, விடுவதா?

கொக்குவில் அச்சகத்தார்

வணக்கம். கொக்குவிலில் இரண்டு அறைகளில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்துகிறேன். கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், பற்றுச்சீட்டுப் புத்தகம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவரின் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் புத்தகம்), இவைதான் எமது வேலை. உள்ளறையில் இருப்பது கோர் டூ டுவோ செயலி கொண்ட பழைய கணினி. அதில் விண்டோஸ் 7, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள், பாமினி எழுத்துரு ஆகியவற்றோடு பதினைந்து வருடக் கல்வெட்டுகள் அத்தனையும் இருக்கின்றன. முன்னறைக் கணினியில் விண்டோஸ் 10. மின்னஞ்சல், வாட்ஸ்அப், வங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான்.

விண்டோஸ் 7இன் ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள், 2020 ஜனவரி 14இலேயே முடிந்தது, விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, இரண்டையும் தூக்கி எறியுங்கள் என்று கொழும்பிலிருக்கும் மருமகன் சொல்கிறார். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடையில் விசாரித்தபோது, முன்னறைக் கணினியின் செயலி இன்டெல் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்றார்கள். இரண்டு புதுக் கணினி வாங்கும் நிலையில் நான் இல்லை. இவற்றைப் பாதுகாப்பாக வைத்திருக்க வழி உண்டா, அல்லது மருமகன் சொல்வதுதான் சரியா?

நல்லூரான்

ஐயா, பதற வேண்டாம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோதும் இதே பயமுறுத்தல்தான். என் எக்ஸ்பி கணினி இன்றும் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறது, ஒரு குறையுமில்லை.

புதுப்பிப்பு இல்லாவிட்டால் அழிவு என்பவர்கள் 2017ஐ நினைத்துப் பார்க்கட்டும். வன்னாக்ரை என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் நிரல்) மே 12ஆம் திகதி உலகமெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே, அதாவது ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7, அப்போது அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆக, ஆதரவு இருந்தும் அகப்பட்டார்கள். கணினியைக் காப்பது அதன் சொந்தக்காரனின் கவனமே தவிர, நிறுவனம் குறிக்கும் திகதி அல்ல. நல்ல வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஒன்றைப் போடுங்கள், கண்ட கண்ட இணைப்புகளைத் திறக்காதீர்கள். அது போதும்.

திருநெல்வேலி ரீச்சர்

நல்லூரான் சொன்ன திகதிகள் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. திருத்தம் வந்தும் போடாதவர்கள் அகப்பட்டார்கள், போட்டவர்கள் தப்பினார்கள். அன்று அவர்களுக்குத் தெரிவு இருந்தது. இன்று அச்சகத்தார் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் விண்டோஸ் 7க்குப் போடுவதற்கு ஒன்றுமே வராது. காசு கட்டிய நிறுவனங்களுக்கு வந்த நீட்டிப்புக்கூட 2023 ஜனவரியில் முடிந்துவிட்டது, அதற்கு அடுத்த மாதமே குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, நமக்கு அது இரவு, விண்டோஸ் 11க்குத் திருத்தங்கள் வருகின்றன. திருத்தத்துக்கு முந்திய கோப்பையும் பிந்திய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் ஓட்டை எங்கே இருந்தது என்பது கெட்டிக்காரனுக்குத் தெரிந்துவிடும். விண்டோஸ் 10இலும் 11இலும் பெரும்பகுதி ஒரே நிரல்தான். ஆகவே புதியதில் அடைக்கப்படும் ஒவ்வொரு ஓட்டையும் பழையதில் எங்கே தேட வேண்டும் என்பதற்கு வரைபடமாகிறது, அந்த வரைபடம் மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வந்துகொண்டும் இருக்கிறது.

வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் என்பது படலையடியில் கட்டியிருக்கும் நாய். படலையால் வருபவனைப் பார்த்துக் குரைக்கும். வேலியில் பொட்டு, அதாவது ஆள் நுழையும் ஓட்டை, இருந்தால் அதைக் கட்டுவது நாயின் வேலையல்ல.

நல்லூரான்

ரீச்சர் வேலியைப் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன்: வளவு வீதியோரத்திலேயே இல்லாவிட்டால் பொட்டால் யார் வரப்போகிறார்கள்? என் எக்ஸ்பி கணினிக்கு இணையமே இல்லை. இணையத்தில் இருக்கும் விண்டோஸ் 10க்கும் அதோடு வரும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளான டிஃபெண்டரின் வைரஸ் அடையாளங்களை 2028 ஒக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அப்படியானால் அவசரம் எங்கே?

சுன்னாகம் திருத்துநர்

நான் கணினி திருத்தும் தொழிலில் இருப்பவன். இருவரும் இரண்டு கணினிகளையும் ஒரே நோயாளியாக வைத்துப் பேசுகிறீர்கள், அவை வேறு வேறு.

முன்னறை விண்டோஸ் 10க்கு இன்னும் மூச்சு இருக்கிறது. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று தனியாள் பாவனையாளருக்கும் 2026 ஒக்டோபர் 13 வரை தருகிறார்கள். கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் சேர்வதற்கான இணைப்பு தெரியும். 30 டொலர் கட்டலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கில் 1000 வெகுமதிப் புள்ளிகள் இருந்தால் அவற்றைக் கொடுக்கலாம், அல்லது அந்தக் கணக்கால் உள்நுழைந்து அமைப்புகளை மேகத்தில் (இணையச் சேமிப்பில்) சேமிக்க ஒப்புக்கொண்டால் காசில்லாமலே கிடைக்கும். நல்லூரான் சொன்ன டிஃபெண்டர் அடையாளங்கள் ரீச்சரின் நாய்தான், அவை வருவதால் பொட்டு அடைபடாது. வங்கிக் கணக்கு அந்தக் கணினியில் இருப்பதால் இதை இன்றே செய்யுங்கள்.

உள்ளறைக் கணினியின் கதை வேறு. அதை இணையத்திலிருந்து கழற்றச் சொல்ல எல்லோருக்கும் தெரியும். ஐயா, நான் உங்களிடம் கேட்பது இதுதான்: கல்வெட்டுக்கு வரும் படங்கள் எந்த வழியால் உள்ளறைக்குப் போகின்றன?

கொக்குவில் அச்சகத்தார்

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். சனங்கள் பென் டிரைவில்தான் கொண்டுவருவார்கள். செத்த வீடு முடிந்த களைப்போடு வந்து நிற்பவரிடம் வேறு வழியால் அனுப்புங்கள் என்று சொல்ல மனம் வருவதில்லை. வாங்கி நேரே உள்ளறைக் கணினியில் செருகிவிடுவேன். இரண்டு கணினிக்கும் இடையில் ஒரு கேபிளும் இருக்கிறது, லேசர் பிரிண்டரை இரண்டிலிருந்தும் பாவிப்பதற்காக. பழைய கல்வெட்டுகளின் பிரதி ஒரு வெளி வன்தட்டில் உண்டு, அது உள்ளறைக் கணினியில் எப்போதும் மாட்டியபடியே இருக்கும்.

சுன்னாகம் திருத்துநர்

இதைத்தான் எதிர்பார்த்தேன். நல்லூரானின் வளவுக்கு வீதி இல்லைதான், ஆனால் அச்சகத்தின் உள்ளறைக்கு ஊரிலுள்ள பென் டிரைவ் எல்லாம் வந்து போகிறது. 2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் அணு நிலையத்தில் இணையமே இல்லாத கணினிகளை யூஎஸ்பி வழியாக எட்டியதாகவே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. பென் டிரைவைத் திறந்தால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழியாக மாறி நிற்கும் ஷோர்ட்கட் வைரஸை இங்கே காணாதவர் இல்லை. உண்மையான கோப்புறை மறைந்திருக்க, அதே பெயரில் நிற்கும் குறுக்குவழியை நாம் இரட்டைச் சொடுக்குச் செய்ய, படமும் திறக்கும், பின்னால் அதுவும் ஓடும். படம் திறந்துவிட்டதால் சந்தேகமும் வராது.

அந்தக் கேபிளையும் சும்மா விட முடியாது. விண்டோஸ் 7 பகிரும் பிரிண்டருக்காக எஸ்எம்பி 1 என்ற பழைய வலையமைப்புப் பகிர்வு நெறிமுறையைத் திறந்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வன்னாக்ரை பரவியது அந்த வழியால்தான்.

திருநெல்வேலி ரீச்சர்

எனக்கு எல்லாவற்றையும் விடப் பயம் தருவது எப்போதும் மாட்டியிருக்கும் அந்த வெளி வன்தட்டு. பணயத் தீநிரல் கணினிக்குள் வந்தால் தனக்குத் தெரியும் ஒவ்வொரு தட்டையும் பூட்டும். மாட்டியிருக்கும் பிரதி அதற்கு இன்னொரு தட்டு மட்டுமே. இரண்டு வெளி வன்தட்டுகள் வாங்குங்கள், மாறி மாறிப் பிரதி எடுங்கள், எடுத்த உடனே கழற்றுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு பழைய கல்வெட்டைப் பிரதியிலிருந்து திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

வைரஸ் வராவிட்டாலும் வேறொரு ஆபத்து இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 வெளிவந்தது 2001இல், அதற்குப் பின் புதிய பெரும்பதிப்பு வரவில்லை. பாமினி யுனிகோட் அல்ல, எழுத்துரு இல்லாத கணினியில் கல்வெட்டு வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும். ஒவ்வொரு கல்வெட்டையும் எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக மாற்றி வையுங்கள். அந்தக் கணினி ஒருநாள் எழும்பாமல் போனாலும் மனிதர்களின் பெயர்களும் தேவாரங்களும் மிஞ்சும்.

பருத்தித்துறைக் காற்று

இவ்வளவு பாடுபடுவானேன்? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 இலவசம், 2029 வரை புதுப்பிப்பு உண்டு, 4 ஜிபி நினைவகம் இருந்தால் தாராளமாக ஓடும். இரண்டு கணினியிலும் அதைப் போடுங்கள். விண்டோஸ் 7ஐ விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள், வலையமைப்பை நிறுத்தி, ஒரு மெய்நிகர் கணினியாக ஓடவிட்டுப் பேஜ்மேக்கரை அதில் வையுங்கள். எனது பழைய ஸ்கானருக்கு விண்டோஸ் 10இல் இயக்கி கிடைக்கவில்லை, மின்ட்டில் செருகியவுடன் வேலை செய்தது.

நல்லூரான்

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு அந்த மெய்நிகர் கணினி திறக்காவிட்டால் பருத்தித்துறையிலிருந்து வந்து திருத்திக் கொடுப்பீர்களா? ஐயா, ரூஃபஸ் என்ற கருவியால் செயலி, டிபிஎம் (பாதுகாப்புச் சில்லு) சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றலாம். பலர் செய்திருக்கிறார்கள்.

சுன்னாகம் திருத்துநர்

நானும் செய்து கொடுத்திருக்கிறேன், ஆறாம் தலைமுறையில் ஏறும். ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குப் புதுப்பிப்பு தரக் கடமையில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது, வருடாந்தப் பெரும்பதிப்பைப் பெரும்பாலும் கையால்தான் ஏற்ற வேண்டிவரும். உள்ளறைக் கோர் டூ டுவோவில் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு எந்தத் தந்திரத்தாலும் எழும்பாது, அது கேட்கும் கட்டளைகள் அந்தச் செயலியில் இல்லை. விண்டோஸின் அனுமதியை (லைசென்ஸை) உடைக்கும் கருவியோடு யாராவது ஏற்றித் தந்தால் வாங்காதீர்கள். முதலில் டிஃபெண்டரை நிறுத்தச் சொல்லும் கருவியை வங்கிக் கணக்கு இருக்கும் கணினியில் ஓட்டலாமா என்று நீங்களே யோசியுங்கள்.

லினக்ஸ் விடயத்தில் நான் நல்லூரான் பக்கம் பாதி, பருத்தித்துறை பக்கம் பாதி. கோர் டூ டுவோவில் மெய்நிகர் கணினி ஓட்டுவது மாட்டு வண்டியில் லொறியை ஏற்றுவது போல. உள்ளறை அப்படியே விண்டோஸ் 7 ஆக, கேபிள் கழற்றி, வைஃபை டொங்கிள் இருந்தால் அதையும் கழற்றி, தனியாக இருக்கட்டும். முன்னறையில் விண்டோஸ் 10க்குப் பக்கத்தில் மின்ட்டையும் போட்டு, பென் டிரைவ்களை அதில் மட்டும் திறவுங்கள். விண்டோஸ் குறுக்குவழி லினக்ஸில் ஓடாது. படங்களை அங்கே திறந்து புதிதாக ஜேபெக் ஆகச் சேமித்து, சிவப்பு ரேப் சுற்றிய உங்களுடைய பென் டிரைவ் ஒன்றில் மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் மின்ட்டில் அதை ஃபோர்மட் செய்யுங்கள். பிரிண்டரை முன்னறைக்கு மாற்றி, உள்ளறையிலிருந்து பிடிஎஃப் ஆக எடுத்து அச்சிடலாம்.

நல்லூரான்

பிரதி எடுக்கும் விடயத்தில் ரீச்சரோடு எனக்குச் சண்டையில்லை, நானும் ஒரு தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டேன். ஆனால் ஒரு படத்துக்கு மூன்று இடம் மாறுவது ஒரு மாதம் நடக்கும், பிறகு வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது பென் டிரைவ் நேரே உள்ளேதான் போகும். மனித இயல்பு அது.

திருநெல்வேலி ரீச்சர்

அப்படியானால் உள்ளறைக் கணினியின் முன்பக்க யூஎஸ்பி துளைகளைக் கழற்றிவிடச் சொல்வேன். பின்பக்கம் குனிய வேண்டிவந்தால் கை தானாகப் போகாது. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு ஒன்றையும் உருவாக்குங்கள்.

கொக்குவில் அச்சகத்தார்

எல்லோருக்கும் நன்றி. நீட்டிப்பில் சேர்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னறையில் மின்ட்டையும் போட்டுத் தந்தது. இன்று காலை வந்த முதல் பென் டிரைவை அதில் திறந்தேன். "அம்மம்மா படங்கள்" என்று ஒரு கோப்புறை, பக்கத்தில் அதே பெயரில் இரண்டு கிலோபைட் அளவில் ஒரு கோப்பு, பெயரின் முடிவில் எல்என்கே என்ற எழுத்துகள். தம்பி சொன்ன குறுக்குவழிதான்.

இதே வீட்டுக்காரர் இதே பென் டிரைவில்தான் போன மாதமும் படம் கொண்டுவந்தார், அதை உள்ளறையில் செருகினேன். கேபிளை இப்போதுதான் கழற்றினேன். தம்பி, அந்தக் கணினியை இப்போது போடலாமா? புதன்கிழமைக்கு ஒரு கல்வெட்டு கொடுக்க வேண்டும்.

சுன்னாகம் திருத்துநர்

போடாதீர்கள், ஐயா. வெளி வன்தட்டையும் அதிலிருந்து கழற்றி வையுங்கள், அதை வேறு எதிலும் மாட்ட வேண்டாம். நான் இன்று மாலை வருகிறேன். உள்ளறைக் கணினியை மின்ட் பென் டிரைவிலிருந்து எழுப்பினால் அதிலுள்ள விண்டோஸ் ஓடாது, அந்த நிலையில் கல்வெட்டுக் கோப்புகளையும் பாமினியையும் மட்டும் புதிய தட்டு ஒன்றுக்கு எடுத்துவிட்டு, பிறகு வன்தட்டைப் பரிசோதிப்போம். விண்டோஸ் 7ஐத் திரும்பப் போட வேண்டிவந்தால் பேஜ்மேக்கரின் இறுவட்டு தேவைப்படும், அது எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள்.