பார்சன்ஸின் சமூக முறைமையில் ‘நான்’ எங்கே இருக்கிறது?

கேள்வி – முதுகலை மாணவி

வணக்கம். அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951இல் வெளியிட்ட, சமூக முறைமை (ஒரு முழு அமைப்பாக இயங்கும் சமூகம்) பற்றிய நூலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சமூக முறைமை முழு மனிதர்களால் ஆனதன்று, அவர்கள் வகிக்கும் பங்குகளால் ஆனது என்றும், அப்பங்குகளுக்குரிய நெறிகளை மனிதர் சிறுவயது முதலே அகவயப்படுத்திக்கொள்வதால், அதாவது தமக்குள்ளேயே ஏற்றுத் தமதாக்கிக்கொள்வதால், ஒழுங்கு நிலைக்கிறது என்றும் அவர் வாதிடுகிறார். நெறிகள் எனக்குள்ளேயே குடியேறிவிட்டன என்றால், அவற்றை மறுத்து நிற்கும் ‘நான்’ எங்கிருந்து வருகிறது? அமெரிக்க மெய்யியலாளர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் பேசும் ‘நான்’ இதற்கு விடையாகுமா?

மறுமொழி – பழைய ஆசிரியர்

பார்சன்ஸ் எந்தக் கேள்வியோடு தொடங்கினார் என்பதை முதலில் பாருங்கள், அம்மா. ஆளுக்கொரு நோக்கத்தோடு செயல்படும் மனிதர்களிடையே ஒழுங்கு எப்படிச் சாத்தியமாகிறது என்ற, ஆங்கில மெய்யியலாளர் ஹாப்ஸின் கேள்வியை 1937லேயே அவர் கையிலெடுத்துவிட்டார். அச்சமும் ஆதாயமும் மட்டும் ஒழுங்கைத் தாங்க மாட்டா, மனிதர் நெறியை உள்ளூர விரும்பவும் வேண்டும் என்பது அவர் விடை. அந்த விருப்பம் உருவாகும் வழியைக் காட்டவே, பிரெஞ்சுச் சமூகவியலாளர் தர்கெய்மையும் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

அவருடைய சிறந்த எடுத்துக்காட்டு நீங்கள் படிக்கும் 1951 நூலின் பத்தாம் இயலில் வரும் நோயாளியின் பங்கு. நோயாளிக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு; நோய்க்கு அவர் பொறுப்பாளியும் அல்லர். ஆனால் குணமடைய விரும்புவதும், தகுதியான மருத்துவரை நாடி ஒத்துழைப்பதும் அவர் கடமை. உடம்புக்கு வந்த நோய்கூடச் சமூகத்தில் ஓர் இடமாகிவிடுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவர் அவருக்கு முன் இல்லை என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஐயம் பழைய ஐயம்தான். 1961இல் சமூகவியலாளர் டென்னிஸ் ராங், இந்தக் கோட்பாடு மனிதனை அளவுக்கு மீறிச் சமூகவயமாக்கிவிட்டது என்று எழுதினார். ஃபிராய்டிடம் நெறி உள்ளே நுழைவது ஒரு போராட்டத்தின் தொடக்கம். பார்சன்ஸோ அதைப் போராட்டத்தின் முடிவாக எடுத்துக்கொண்டார் என்பதே ராங்கின் குற்றச்சாட்டின் சாரம். எனக்கு அது பெரும்பாலும் நியாயமாகவே படுகிறது.

மறுமொழி – நூலகத்து மூலை

மீடைப் பற்றி ஒரு திருத்தம். அவருடைய ‘நான்’ சமூகத்துக்கு வெளியே நிற்கும் கலகக்காரன் அன்று. இங்கே தமிழின் வேற்றுமை உருபு நமக்குக் கைகொடுக்கிறது: மற்றவர்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்களோ அந்தப் பார்வையில் நானே என்னைப் பார்க்கும்போது தெரிவது ‘என்னை’, அந்தப் பார்வைக்கு விடையாக அந்தக் கணத்தில் எழும் செயல் ‘நான்’. சிலர் ‘என்னை’ என்பதை ‘எனது’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அப்போது உடைமைப் பொருள் வந்து ஒட்டிக்கொண்டு கருத்தே திரிந்துவிடுகிறது.

பேஸ்பால் ஆட்டத்தை மீட் காட்டுவது இதற்காகத்தான். பந்தை எறியப்போகும் பிள்ளை, பிடிப்பவரும் அடிப்பவரும் களத்தில் நிற்கும் மற்ற ஒவ்வொருவரும் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த எதிர்பார்ப்புகள் திரண்டு நிற்பதையே அவர் பொதுமைப்பட்ட மற்றவர் என்கிறார். ஆனால் பந்து கையை விட்டுப் போகும் விதம் அந்த எதிர்பார்ப்புகளில் எழுதப்பட்டிருக்கவில்லை. எறிந்தவருக்கே எறிந்த பிறகுதான் அது தெரியும். தெரிந்த அந்தக் கணத்தில் அது ‘என்னை’ ஆகிவிடுகிறது. ஆக, மறுப்பு மட்டுமல்ல, கீழ்ப்படிதலும் ‘நான்’ செய்வதே.

மறுமொழி – மனநலச் செவிலியர்

மேலே ஐயா நோயாளியைக் குறிப்பிட்டதால் சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனைச் சேர்க்க விரும்புகிறேன். அவர் 1955–56இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில், விளையாட்டுப் பிரிவின் உதவியாளர் என்ற பெயரில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடையே ஓராண்டு இருந்தவர். இத்தகைய நிறுவனங்களுக்குள் நுழையும்போதே ஒருவருடைய உடையையும் உடைமையையும் வாங்கிக்கொண்டு, வெளியே அவர் யாராக இருந்தாரோ அதை உரித்துவிடுவதை விரிவாக எழுதினார். ஆனால் என்னை நிறுத்திய இடம் வேறு. பூட்டி வைக்கத் தனி இடம் இல்லாததால் ஆண் நோயாளிகள் சட்டைப்பையையும், பெண்கள் பெரிய கைப்பையையும் புடைக்கப் புடைக்க நிரப்பித் தம்முடன் சுமந்து திரிந்தார்கள். பார்ப்பவருக்கு அது நோயின் அறிகுறி. கோஃப்மனுக்கோ, தனக்கென ஓரிடம் மறுக்கப்பட்ட மனிதர் அந்த இடத்தை உடம்பிலேயே அமைத்துக்கொள்ளும் வழி.

நான் பணிபுரிந்த வார்டில் ஓர் அம்மா, எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகளாக அதைப் பிடிவாதம் என்று குறித்து வந்தேன். கோஃப்மனைப் படித்த பிறகு அப்படிக் குறிக்க மனம் வரவில்லை.

மாணவி

மூவருக்கும் நன்றி. பார்சன்ஸின் கண்ணில் அந்தச் சாவி, குணமடைய ஒத்துழைக்கும் கடமையிலிருந்து விலகியதாகத்தானே படும்?

பழைய ஆசிரியர்

பெரும்பாலும் அப்படித்தான். அதே 1951 நூலின் ஏழாம் இயலில் நெறிவிலகலையும் அதைத் திருத்தும் கட்டுப்பாட்டு வழிகளையும் ஒன்றாகவே பேசுகிறார். அங்கே அவர் கேட்பது, அந்தச் செயல் முறைமையின் சமநிலையை என்ன செய்கிறது என்பதை. சாவியை வைத்திருப்பவருக்கு அது என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்த இயலில் இடம் மிகக் குறைவு. அதைப் படித்துவிட்டு கோஃப்மனிடம் போங்கள். இந்த வரிசையில் படித்தால் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகும்.