கலர் அனோடைஸ் பாகங்கள்: எது தாங்கும், எது வெறும் மினுக்கு?

பெடல்பாண்டி கேட்டது:

ஹைப்ரிட் சைக்கிள், டிஸ்க் பிரேக், 11 ஸ்பீட். ஓட்டுவது பெரும்பாலும் ஈ.சி.ஆர். (கடலோரச் சாலை) பக்கம், வாரத்துக்கு 120 கி.மீ. வரும். என் எடை 84 கிலோ. நிறுத்துவது மொட்டை மாடியில். மேலே ஷீட் இருந்தாலும் சாயங்கால வெயில் நேராக அடிக்கும்.

ஊதா கலர் செட் ஒன்று ஆன்லைனில் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்), சீட் கிளாம்ப், பெடல், செயின்ரிங் (பெடல் பக்கப் பற்சக்கரம்), டிஸ்க் ரோட்டர் (பிரேக் தகடு) போல்ட் 12, ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் குட்டி நட்) 64, கூடவே வானவில் கலர் செயின். ஸ்டெம்மிலும் செயின்ரிங்கிலும் "7075 சி.என்.சி." என்று பொறித்திருக்கிறது. இதை நம்பலாமா? கலர் எத்தனை நாள் நிற்கும்? ஹார்டு அனோடைஸ் என்று தேடி வாங்கினால் கூடுதல் பலமா? ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஊதா சீட் கிளாம்பில் இரண்டே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்துவிட்டது. அதுவும் ஏன் என்று தெரிந்தால் நல்லது.

---

லேத்துக்காரன் பதில்:

முதல்ல கலர் விஷயத்த முடிச்சுரலாங்க.

அனோடைஸ்ங்கறது பெயின்ட் இல்லீங்க. அலுமினியத்த கந்தக அமிலத் தொட்டியில முக்கி கரன்ட் குடுத்தா, மேல்தோலே ஆக்சைடா மாறிடும். கொஞ்சம் உள்ள போகும், கொஞ்சம் வெளிய வளரும். சாதாரண கலர் வேலைக்கு 5 மைக்ரான்ல இருந்து 25 மைக்ரான் வரைக்கும். அந்தத் தோல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். அந்த ஓட்டைக்குள்ளதான் சாயம் போய் உக்காருது. கடைசியா கொதிக்கற தண்ணில போட்டா ஓட்டை வாய் மூடிக்கும். இதத்தான் சீலிங்னு சொல்றோம். விலை கம்மியான சாமான்ல நேரத்த மிச்சம் புடிக்கறது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலையிலதான். சீலிங் அரைகுறையா இருந்தா சாயம் வெளிய கசியும், உப்பு உள்ள போகும். உங்க கிளாம்ப்ல விழுந்த வெள்ளைப் புள்ளி அலுமினியம் அரிச்சு வர்ற பொடி.

சீலிங் பாக்கறதுக்கு ஒரு வழி இருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்துல, சீட் கிளாம்ப்னா உள்பக்கத்துல, ஸ்கெட்ச் பேனா மையை ஒரு சொட்டு வெச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க. அப்பறம் சோப்புத்தண்ணி தொட்டுத் துடைங்க. சுத்தமா போயிடுச்சுன்னா சீலிங் சரி. கறை நின்னுச்சுன்னா ஓட்டை இன்னும் தொறந்துதான் கெடக்குது. ஊதா மேல செவப்பு மை தெரியாது, கறுப்பு வெச்சுப் பாருங்க.

வெயிலப் பத்தி: ஊதா, பிங்க், செவப்பு எல்லாம் ஆர்கானிக் சாயம், முதல்ல வெளுக்கறது இதுகதான். கறுப்பு நல்லா நிக்கும். தங்கக் கலர்ல இரும்பு உப்பு வெச்சுப் போடற சாயம் ஒண்ணு இருக்குது, அது இன்னும் நிக்கும். மொட்டை மாடி வெயிலுக்கு ஊதா சரிப்பட்டு வராதுங்க. ஆசையா இருந்தா பகல்ல ஒரு துணிய மேல போட்டு வைங்க.

---

விரிசல்_பார்வை பதில்:

"7075" என்ற பொறிப்பு பற்றி: அது அலுமினியக் கலவையின் எண். எண் சரியாகவே இருந்தாலும் அது பாதிச் செய்திதான். 7075-டி6 (டி6 என்பது சூட்டில் பதப்படுத்திய நிலை) இழுவிசையில் சுமார் 570 மெகாபாஸ்கல், இன்னொரு கலவையான 6061-டி6 சுமார் 310. கேட்கப் பெரிய வித்தியாசம். ஆனால் ஸ்டெம் ஒரே இழுப்பில் உடைவதில்லை. லட்சக்கணக்கான சின்னச் சின்ன வளைவுகளில் களைத்துத்தான் உடைகிறது. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் கவலையில்லை. அலுமினியத்துக்கு அப்படி வரம்பே கிடையாது, ஒவ்வொரு வளைவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அதனால் வடிவம்தான் முக்கியம்.

சாதாரணக் கறுப்பு ஸ்டெம்கள் பெரும்பாலும் ஃபோர்ஜிங்கில் அடித்தவை. உலோகத்தின் நார் ஓட்டம் வளைவோடு வளைந்து போகும். சி.என்.சி. என்றால் முழுக் கட்டியிலிருந்து குடைந்தெடுப்பது. மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அழகுக்காகப் போடும் ஜன்னல்களும் பள்ளங்களும் கூர்மூலையில் முடிந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஸ்டெம்மைக் கையில் எடுத்து உள்மூலைகளில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் மூலையை உருட்டி ரேடியஸ் விட்டிருக்கிறார்கள். டக்கென்று தட்டி நின்றால் வைத்துவிடுங்கள்.

ஹார்டு அனோடைஸ் பலம் என்பது பரவலான தப்பான நினைப்பு. அது தேய்மானத்துக்கு நல்லது. 25 மைக்ரானுக்கு மேல் 50 வரை கூடப் போகும், பீங்கான் போலக் கடினம். பீங்கான் போலவே நொறுங்கவும் செய்யும். அடியில் அலுமினியம் வளையும்போது மேல்தோல் வளையாது, மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பு உள்ளே இறங்க வழி காட்டிவிடும். 1980-களில் கருஞ்சாம்பல் ஹார்டு அனோடைஸ் ரிம்கள் ஸ்போக் துளையைச் சுற்றிப் பிளந்ததில் இதற்கும் பங்கு உண்டு. வளையாத, உராயும் இடத்துக்கு அது சரி. ஸ்டெம், ஹேண்டில்பார், ரிம் மூன்றுக்கும் மெல்லிய பூச்சே போதும்.

இருக்கும் ஸ்டெம்மைச் சோதிப்பது: துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் முகத்தகட்டின் (ஹேண்டில்பாரை முன்னாலிருந்து மூடும் தகடு) போல்ட் துளை ஓரம், ஹேண்டில்பாரைக் கவ்வும் வளைவின் பின்புறம், ஸ்டியரர் (ஃபோர்க்கின் மேல்குழாய்) பக்கப் பிளவு முடியும் நுனி. கறுப்புக் கோடு தெரிந்து, துடைத்தபின் ஓட்டினால் மறுபடியும் கறுப்புப் பொடி கசிந்தால் அது கீறல் இல்லை, விரிசல். சந்தேகம் இருந்தால் பஞ்சை இழுத்துப் பாருங்கள், நார் மாட்டும்.

---

வீல்டாக்டர் பதில்:

இந்தப் பட்டியலில் இரண்டை இப்போதே வெட்டிவிடுங்கள் ப்ரோ. ரோட்டர் போல்ட், நிப்பிள்.

ரோட்டர் போல்ட் அலுமினியத்தில் வேண்டவே வேண்டாம். நீண்ட இறக்கத்தில் ரோட்டர் 200 டிகிரி தாண்டும். 7075-ஐ டி6 நிலைக்குப் பதப்படுத்துவதே ஏறத்தாழ 120 டிகிரியில்தான். அதைவிடச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி வந்தால் பலம் இறங்கிக்கொண்டே போகும். போல்ட் வரைக்கும் முழுச்சூடு வராதுதான், ஆனால் பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் அந்த ஆறு போல்ட் வழியாகத்தான் ஹப்புக்குப் போகிறது. போதாததற்கு டி25 (நட்சத்திரக் குழி) தலை மெத்தென்று இருப்பதால் கழற்றும்போது உருண்டுபோகும்; அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். எஃகு போல்ட்டே போடுங்கள். கலர்தான் வேண்டும் என்றால் டைட்டானியம், அதுவும் கிரேடு 5.

நிப்பிள்: பித்தளை ஒன்று சுமார் 1 கிராம், அலுமினியம் 0.3. 64-க்கும் சேர்த்து 45 கிராம் மிச்சம். ஓரிரு மடக்குத் தண்ணீர் எடைதான். அதற்காக உப்புக்காற்றில் அலுமினிய நிப்பிளுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்கைத் திருகி வைப்பது இரண்டு உலோகத்தைக் கட்டி உப்புத்தண்ணீர் ஊற்றுவது போல. அலுமினியம்தான் கரையும். கொஞ்ச நாளில் மரை இறுகி, சக்கரத்தின் கோட்டம் எடுக்க நிப்பிள் கீயைத் திருப்பினால் நான்கு மூலையும் உருண்டுவிடும்.

எப்படியும் போடுவேன் என்றால் ஸ்போக் நீளத்தில் கோட்டை விடாதீர்கள். ஸ்போக் நுனி, நிப்பிள் தலையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் வெட்டின் அடி வரை வந்திருக்க வேண்டும். 2 மி.மீ. குட்டையாக இருந்தால் தலைக்குள் ஸ்போக்கின் தாங்கல் இல்லாமல் கழுத்தில் மட்டும் இழுவை விழும். தலை டப்பென்று பிய்ந்து ரிம்முக்குள் உருளும். பித்தளை இந்தத் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், அலுமினியம் பொறுக்காது.

---

பெடல்பாண்டி:

நன்றி அண்ணா. இரண்டையும் வெட்டிவிட்டேன். டைட்டானிய போல்ட் என்று வானவில் கலரில் விற்கிறார்களே, உண்மையா பொய்யா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? செயினும் அதே கலர்தானே, நாள்பட நிற்குமா?

---

லேத்துக்காரன் பதில்:

காந்தமும் நகைத் தராசும் போதுங்க. காந்தம் ஒட்டுச்சுன்னா எஃகு, பேச்சே இல்ல. ஆனா ஒட்டலைன்னா டைட்டானியம்னு முடிவு பண்ணிராதீங்க, ஸ்டெயின்லெஸ்லயும் பெருசா ஒட்டாது. அப்ப எடை போடுங்க. ஒரே அளவு எஃகு போல்ட் 5 கிராம்னா டைட்டானியம் 2.8 வரணும், அலுமினியம் 1.8. தனியா ஒண்ணப் போடாம பத்து போல்ட்ட மொத்தமா வெச்சா வித்தியாசம் நல்லாத் தெரியும்.

கலர் நெசமாவே டைட்டானிய அனோடைஸா இருந்தா அதுல சாயமே கெடயாது. வோல்டேஜ் ஏத்த ஏத்த ஆக்சைடு தடிக்கும், அந்தத் தடிமனுக்கு ஏத்த மாதிரி வெளிச்சம் கலரா திரும்பி வரும். 30 வோல்ட் பக்கம் நீலம், 55-60 பக்கம் மஞ்சள், 100 பக்கம் போனா பச்சை. வெயில்ல வெளுக்காது. ஆனா படலம் ஒரு மைக்ரான் கூட இல்ல, ஆலன் கீ ஒரு தடவ வழுக்குனா கோடு விழுந்துரும். கை எண்ணெய் பட்டாக்கூட சாயல் மாறும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா பழையபடி வந்துரும்.

டைட்டானிய போல்ட்ட வெறுமனே திருகக்கூடாதுங்க. காப்பர் பேஸ்ட் மாதிரி ஏதாவது ஆன்டிசீஸ் தடவணும். இல்லைன்னா மரையோட மரை ஒட்டிக்கிட்டு, கழட்டறப்ப முறிஞ்சுரும்.

---

வீல்டாக்டர் பதில்:

செயின்: பெரும்பாலான கலர் செயின்களில் பூச்சு வெளித்தகட்டில்தான் கண்ணில் படும். செயின் நீள்வதோ உள்ளே, 'பின்' என்ற ஊசியும் உள்தகடும் உரசும் இடத்தில். ஆகவே கலர் ஆயுளைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பல்லில் படும் ரோலர், கேசட் (பின்சக்கரப் பற்சக்கர அடுக்கு) பக்கம் உரசும் தகட்டு ஓரம் இரண்டும் சில நூறு கிலோமீட்டரில் வெள்ளி நிறமாகும். மணல் ஒட்டிய ஈ.சி.ஆர். செயினில் இன்னும் சீக்கிரம். தேய்மானம் என்று பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியதை எஃகு ஸ்கேலில் அளக்கலாம். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடுவுக்கு 20 அரையங்குல லிங்க். புதிதில் 254 மி.மீ. 11 ஸ்பீடுக்கு 0.5 சதவீதம், அதாவது 255.3 மி.மீ. வந்தால் மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து போகும், அது செயினைப்போல இரண்டு மூன்று மடங்கு விலை.

செயின்ரிங்கில் ஊதா பல்லில் மட்டும் நாலு ரைடில் போய்விடும். உடம்பில் நிற்கும். அங்கே 7075-ஆ 6061-ஆ என்பது உண்மையிலேயே முக்கியம். 6061 பல் சீக்கிரம் கொக்கி போல வளையும். பெடல் உடம்பு கலர் அலுமினியம் என்றால் சரி, ஆக்சில் மட்டும் குரோம்-மாலி எஃகாக இருக்கட்டும். உங்கள் எடைக்கு டைட்டானிய ஆக்சில் என்றால் எடை வரம்பைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாட்டும்போது மரையில் கிரீஸ், 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம், இடது பெடல் எதிர்மரை.

---

பெடல்பாண்டி:

கழுவுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் சலவை சோடா கலந்த தண்ணீரில் ஊறவைத்த துணியால் துடைப்பேன், கறை நன்றாகப் போகும்.

---

உப்புக்காத்து பதில்:

அட, கிளாம்ப் புள்ளிக்குப் பாதிக் காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்களே!

அலுமினிய ஆக்சைடு தாங்குறது பி.எச். (அமிலமா காரமாங்குற அளவு) 4-க்கும் 8.5-க்கும் நடுவுல. சலவை சோடா கரைசல் 11 பக்கம் போகும். அனோடைஸைக் கழற்றணும்னா காஸ்டிக் சோடாவுல முக்குவாங்க, நீங்க அதையே கொஞ்சம் மெதுவாப் பண்றீங்க. பாத்திரப் பவுடர்லயும் காரம், கூடவே தேய்க்கிற தூள். புளி, எலுமிச்சை போட்டுப் பளபளப்பு ஏத்துற வேலையும் இங்க ஆகாது, பித்தளைச் சொம்புக்குத்தான் அது. செயின் டிக்ரீசர் வாங்கும்போது அலுமினியத்துக்குப் பாதுகாப்புன்னு டப்பாவுல போட்டிருக்கான்னு பாருங்க. செயினைக் கழற்றி டப்பாவுல குலுக்கிக் கழுவினா கிராங்க் மேல சொட்டாது.

ஈ.சி.ஆர். ரைடு முடிஞ்ச அன்னைக்கே ஒரு பக்கெட் நல்ல தண்ணி, கார் ஷாம்பு ஒரு மூடி, பஞ்சு. ஓஸ் வெச்சு பேரிங் பக்கம் பீய்ச்ச வேண்டாம். போர்த் தண்ணி உப்பா இருந்தா கடைசி அலசல் மட்டும் குடிதண்ணியில. காய்ஞ்சதும் மாசம் ஒரு தடவை கார் வேக்ஸ், கலர் பாகத்துக்கு மட்டும். டிஸ்க் ரோட்டர்ல பட்டா பிரேக் போச்சு, அதனால ஸ்ப்ரே வேண்டாம், துணியில தொட்டுத் தடவுங்க.

எஃகு போல்ட் அலுமினியத்துக்குள்ள போற எல்லா இடத்துலயும் கிரீஸ். பாட்டில் கேஜ் போல்ட்டை ஜனங்க மறந்துடறாங்க, ஃபிரேமுக்குள்ள இறுகிப்போறது அதுதான் முதல்ல. சீட்போஸ்ட் அலுமினியம்னா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை உருவி, துடைச்சு, கிரீஸ் போட்டுச் சொருகுங்க.

---

விரிசல்_பார்வை பதில்:

ஸ்டெம் வாங்குவதாக இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். முகத்தகட்டின் நான்கு எம்5 போல்ட்டையும் எக்ஸ் வரிசையில், ஒவ்வொன்றையும் கால் திருப்பாக, 5 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்டெம்மில் அதைவிடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அந்த அளவு. மேல் இடைவெளியும் கீழ் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். மேலே ஒட்டிக் கீழே விரிந்திருந்தால் அந்த இரண்டு போல்ட்டும் வளைந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம்.

என் கருத்து: ஊதா ஆசைக்கு ஹெட்செட் ஸ்பேசர், மேல்மூடி, சீட் கிளாம்ப், பாட்டில் கேஜ், வால்வ் மூடி, பெடல் உடம்பு என்று ஆறு இடம் இருக்கிறது. எதிலும் உயிர் தொங்கவில்லை. ஸ்டெம் மட்டும் எடை வரம்பும் சோதனைத் தரமும் எழுதித் தரும் கம்பெனியின் கறுப்பாகவே இருக்கட்டும்.

---

பெடல்பாண்டி:

ஸ்டெம் வாங்கவில்லை. ஸ்கெட்ச் பேனா சோதனை கிளாம்பின் உள்பக்கத்தில் செய்தேன், கறை அப்படியே நிற்கிறது. கூடவே ஊதா டயர் ஒரு ஜோடி பார்த்து வைத்திருந்தேன், அதையும் கேட்டுவிடுகிறேன்.

---

வீல்டாக்டர் பதில்:

டயர் கறுப்பாக இருப்பது கார்பன் பிளாக்கால். தேய்மானத்தையும் வெயிலையும் தாங்குவது அதுதான். கலர் டயரில் அதற்குப் பதில் சிலிகா போடுவார்கள். நல்ல கம்பெனி என்றால் பிடிப்பு வரும், ஆனால் மொட்டை மாடி வெயிலில் பக்கச்சுவர் சீக்கிரம் வெடிக்கும். தரையில் படும் பகுதி கறுப்பு, பக்கச்சுவர் மட்டும் கலர் என்று வரும் டயரைப் பாருங்கள்.