பாட்டு போஸ்டர்: வெட்டி ஒட்டிய ஆள் படத்தோடு ஒட்டவே மாட்டேங்கிறார்

வாடைக்காத்து:
அம்பாப் பாட்டு (மீனவங்க வேலை செய்யும்போது பாடுறது) மெட்டுல ஒரு தனிப்பாடல் வெளியிடுறோம். பாடகர் படம் தனுஷ்கோடி மணல்ல மதியம் ஒரு மணிக்கு போன்ல எடுத்தது. வெள்ளை வேட்டி சட்டை, தோள்ல பறை. பின்னணிக்கு பாம்பன் பாலம், சாயங்கால வெளிச்சம். போட்டோஷாப்ல வெட்டி வச்சாச்சு, ஆனா தலைமுடி ஓரமா வெள்ளைக் கோடு தெரியுது. ஆளும் காகிதத்துல கத்தரிச்சு ஒட்டின மாதிரி நிக்கிறார். 'கொண்டலே கேளு'ன்னு தலைப்பு அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமா சிதறுது. இதே படம் கவர், தம்ப்நெயில், ஸ்டேட்டஸ், ஊர்ல வைக்க 10க்கு 8 அடி ஃபிளெக்ஸ் எல்லாத்துக்கும் வேணும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம் அண்ணே?

நங்கூரம்:
முதலில் அளவு. கவரைச் சதுரமாக முடித்துவிட்டு அதிலிருந்து மற்றதை வெட்டி எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். தம்ப்நெயிலுக்கு வரும்போது பறை பாதியோடு போய்விடும். கவர் 3000க்கு 3000 பிக்சல், தம்ப்நெயில் 1280க்கு 720, இன்ஸ்டா பதிவு 1080க்கு 1350, ஸ்டேட்டஸ் 1080க்கு 1920. நாலும் தனித்தனி ஃபைல். வெட்டிய ஆளை மட்டும் ஒரு பிஎஸ்டியாக (போட்டோஷாப் ஃபைல்) வைத்து, எல்லாவற்றிலும் 'பிளேஸ் லிங்க்டு' வழியாகக் கொண்டுவாருங்கள். முகத்தில் ஒரு திருத்தம் செய்தால் நாலு இடத்திலும் மாறும். தம்ப்நெயிலில் வலது கீழ்மூலையில் பாட்டின் நேரம் வந்து உட்காரும், அங்கே எழுத்து வேண்டாம். ஸ்டேட்டஸில் மேலும் கீழும் 250 பிக்சல் விட்டுவிடுங்கள்.

முடி விஷயம். வெள்ளைக் கோடு வெட்டியதில் வந்த பிழை இல்லை. மெல்லிய முடி இழைகளுக்குள் மதிய வானத்தின் வெளிச்சம் ஏற்கெனவே கலந்திருக்கிறது. எவ்வளவு கச்சிதமாக வெட்டினாலும் அந்தக் கலப்பு கூடவே வரும். 'செலக்ட் அண்ட் மாஸ்க்'கில் ரிஃபைன் எட்ஜ் பிரஷ்ஷை முடி ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள். தோள், வேட்டிப் பக்கம் ஓட்டினால் ஓரம் புழு அரித்தது போல ஆகிவிடும். ஷிஃப்ட் எட்ஜ் (ஓரத்தை உள்ளே இழுப்பது) மைனஸ் 10 முதல் 20 வரை.

அப்புறமும் கோடு நின்றால் இதைச் செய்யுங்கள். அசல் படத்தின் நகல் ஒன்றை வெட்டிய ஆளுக்குக் கீழே வைத்து, லெவல்ஸில் வானம் முழு வெள்ளையாகும்வரை தள்ளி, பிளெண்டிங்கை மல்டிப்ளை ஆக்குங்கள். வெள்ளை மறைந்துவிடும், கறுத்த இழை மட்டும் நிற்கும். அந்த நகலை முடி இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் செய்து (மற்ற இடத்தை மறைத்து), மேலே உள்ள ஆளின் மாஸ்க்கை முடிப் பக்கம் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். தலைக்குப் பின்னால் வானம் ஓரளவு வெளிச்சமாக இருந்தால்தான் இது பலிக்கும். இருட்டு மேகத்தின் முன்னால் பலிக்காது.

உப்பளம்:
காகிதம் மாதிரி நிற்பதற்குக் காரணம் வெளிச்சம், வெட்டு இல்லை. மதியம் ஒரு மணி வெயில் உச்சந்தலையில் விழுகிறது. கண்குழி இருட்டு, மூக்குக்குக் கீழே சின்ன நிழல். பின்னணியிலோ சூரியன் தொடுவானத்தை ஒட்டி நிற்கிறது. எந்த ஃபில்டர் போட்டாலும் இந்த இரண்டும் ஒத்துப்போகாது. என் யோசனை: அந்தச் சாயங்காலப் படத்தை விட்டுவிடுங்கள். மேகமூட்டமான நாளில் பாலத்தை எடுங்கள், இல்லை அதே மதியத்தில் எடுங்கள். சாயங்காலப் படம்தான் வேண்டும் என்று பிடிவாதம் என்றால் முழுப் படத்துக்கும் கிரேடியன்ட் மேப் போட்டு இரண்டே நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். நிறம் போய்விட்டால் வெளிச்சப் பொய் பாதி மறைந்துவிடும்.

வெளிச்சம் பக்கம் மாறி விழுகிறது என்று ஆளைக் கண்ணாடிபோல் புரட்டுகிறவர்கள் உண்டு. இங்கே அதைச் செய்யவே கூடாது. பறை வலது தோளுக்குப் போய்விடும், வலக்கையில் இருக்கவேண்டிய அடிக்குச்சி இடக்கைக்கும் சிண்டுக்குச்சி வலக்கைக்கும் மாறிவிடும். பறை அடிக்கிறவர் பார்த்தவுடனே சிரிப்பார். சட்டைப் பொத்தானும் பக்கம் மாறும். பின்னணியைப் புரட்டினாலும் வல்லத்தில் எழுதிய எண் இடவலம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். புரட்டாவிட்டாலும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள், அது யாரோ ஒருவருடைய படகு.

இனி வெள்ளை வேட்டி. ஐட்ராப்பரை (நிறம் அளக்கும் கருவி) வேட்டி மேல் வைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் 255 என்றால் அங்கே மடிப்பே பதிவாகவில்லை, எதைக் கொண்டும் மீட்க முடியாது. போனில் ரா (சுருக்காத அசல் பதிவு) வசதி இருந்தால் எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுப்பதுதான் வழி. 245 வாக்கில் இருந்தால் கர்வ்ஸில் 230க்கு இறக்குங்கள். பிறகு நிறம் ஏற்றவேண்டும். கடற்கரையில் வெள்ளைத் துணி வெள்ளையாக இருப்பதில்லை: முழங்காலுக்குக் கீழே மணலின் மஞ்சள் எதிரொளிக்கும், தோளில் வானத்தின் நீலம் படியும். ஆளோடு கிளிப் செய்த இரண்டு காலி லேயர், சாஃப்ட் லைட், 15 சதவீதம். ஒன்றில் பின்னணி மணலின் நிறம், மற்றதில் வானத்தின் நிறம், பெரிய மெத்துப் பிரஷ். இந்த ஒரு வேலையிலேயே ஆள் படத்துக்குள் இறங்கிவிடுவார்.

கண்குழிக்கு 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய சாஃப்ட் லைட் லேயர், வெள்ளைப் பிரஷ், ஃப்ளோ 8. அவசரப்பட்டு 30 வைத்தால் கண்ணுக்குக் கீழே மாவு பூசினது போல வரும்.

பாதத்துக்கு ஒரு நிழல் போதாது. உள்ளங்காலை ஒட்டி ஒடுக்கமாக ஒன்று, பிளர் 10 பிக்சல், 65 சதவீதம். அதைச் சுற்றி அகலமாக இன்னொன்று, பிளர் 50, 25 சதவீதம். மணலில் கால் கொஞ்சம் புதையும், ஆகவே பாதத்தின் கீழ்விளிம்பை மாஸ்க்கில் லேசாக அழித்து மணலை மேலே ஏறவிடுங்கள்.

கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் போட்டுப் பாருங்கள். உப்புக்காற்றுப் புகையால் தூரத்துப் பாலத்தின் கறுப்பு வெளிறியிருக்கும். ஆளின் கறுப்பு அதைவிட ஆழமாக இருக்கவேண்டும், சமமாக இருந்தால் அவரும் தூரத்தில் நிற்பதுபோல ஆகும். பார்த்தபின் அதை அணைத்துவிட்டு மொத்தத்துக்கும் 2 சதவீதம் நாய்ஸ், மோனோகுரோமாட்டிக்.

இன்னொன்று. எந்தப் பாலம்? 1914-இல் திறந்த பழையதா, 2025 ஏப்ரலில் திறந்த புதியதா? புதியதில் தூக்கு இடத்தின் இருபுறமும் செங்குத்துக் கோபுரம் நிற்கும். போனின் வைட் லென்ஸில் அவை உள்நோக்கிச் சாய்ந்து தெரியும், பெர்ஸ்பெக்டிவ் சரிசெய்யுங்கள். இங்கிருந்து பார்க்கிற எவருக்கும் பழைய ஸ்டாக் படம் உடனே தெரிந்துவிடும்.

மூணுசுழி:
எழுத்து சிதறுவதற்கு ஃபான்ட் காரணமில்லை. பிரிஃபரன்ஸ் > டைப் போய் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' இருந்தா தேர்ந்தெடுங்க, பழைய பதிப்புன்னா 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்'. போட்டோஷாப்பை மூடித் திறங்க. ஏற்கெனவே அடிச்ச வரிக்கு பாராகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்டு-ரெடி கம்போசரை மாத்தணும். அதுக்கும் மசியலன்னா இன்க்ஸ்கேப் அல்லது கிம்ப்ல அடிச்சு பிஎன்ஜியா எடுத்துட்டு வாங்க, ரெண்டும் தமிழைச் சரியாக் கோக்கும். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுக்கு யூனிகோடு எழுத்தை ஒட்டினா வேலை செய்யாது, மாற்றி எழுதித்தான் ஒட்டணும்.

டிராக்கிங்கை (எழுத்து இடைவெளி) தொடாதீங்க, 'கொ'வுல கொம்புக்கும் 'க'வுக்கும் நடுவுல சந்து விழும். ஃபோ போல்டும் (செயற்கைத் தடிப்பு) வேண்டாம். 'ண'வோட சுழி அடைச்சுப் போயிடும். தடிப்பு வேணும்னா தடிச்ச எடையிலேயே வர்ற பலூ தம்பி 2, கேட்டமரான், அனெக் தமிழ் எடுங்க. மூணும் இலவசம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ரெண்டு வரித் தலைப்புன்னா லீடிங் (வரி இடைவெளி) 140 சதவீதம், இல்லன்னா மேல் வரி 'ளு'வோட வாலும் கீழ் வரிப் புள்ளியும் முட்டிக்கும்.

கவரை 3 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்க, 90 பிக்சல் வரும். பட்டியல்ல அவ்வளவுதான் தெரியும். அதுல தலைப்பு படிக்க முடியலன்னா எழுத்து சின்னது.

சவுக்குக்கம்பு:
ஃபிளெக்ஸுக்குத் தனி ஃபைல். 10 அடி 120 அங்குலம், 8 அடி 96. 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போதும், 8640க்கு 6912 பிக்சல். இருபது அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 300 டிபிஐ கேட்டால் ஃபைல்தான் வீங்கும். மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கடலின் பச்சை நீலம் திரையில் ஜொலிக்கும், அச்சுக்கான சிஎம்ஒய்கே மையில் அந்த நிறம் கிடையாது, மங்கிப்போய் வரும். கேமட் வார்னிங் (அச்சில் வராத நிறத்தைக் காட்டுவது) போட்டுப் பார்த்து, சாச்சுரேஷனை நீங்களே இறக்கி அனுப்புங்கள். கடைக்காரர் கையில் விட்டால் வேட்டியும் நீலம் பாயும். ஓரத்தில் 3 அங்குலம் சட்டத்தில் மடித்து அடிக்கப் போய்விடும். வாட்ஸப்பில் படமாக அனுப்பாதீர்கள், அளவு சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கட்டும் முன் பேனர் அனுமதி வாங்குங்கள்.

வாடைக்காத்து:
எழுத்து கூடிருச்சு, முடியும் மல்டிப்ளைல சரியாச்சு. பாலத்தை மேகமூட்டத்துல டிரோன்ல எடுக்கலாமா? கவர்ல இன்ஸ்டா பேரும் ரிலீஸ் தேதியும் போடலாம்ல?

நங்கூரம்:
டிரோன் வேண்டாம் தம்பி, அவசரப்படாதீங்க. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது. டிஜிட்டல் ஸ்கை (அரசின் டிரோன் தளம்) வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடம் பச்சையா சிவப்பா என்று பார்க்காமல் பறக்கவிடக் கூடாது. சாலைப் பாலத்திலிருந்தே ரயில் பாலம் நன்றாகக் கிடைக்கும்.

கவரில் இன்ஸ்டா பெயர், தேதி, போன் நம்பர், ஸ்ட்ரீமிங் கம்பெனி லோகோ எது இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாடகர் பெயரும் தலைப்பும் மட்டும், அதுவும் நீங்கள் பதிவேற்றும்போது அடிக்கிற அதே எழுத்தில். தேதியை ஸ்டேட்டஸில் போடுங்கள். பாடகர் படத்தை யாராவது காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்திருந்தால் உரிமை எடுத்தவருக்குத்தான், கையெழுத்தோடு ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.